மூன்று தட்டு

எங்கள் குடும்பத்தில் தாத்தாவைப் பற்றிச் சொல்லும் எந்தக் கதையிலும் கடைசியில் யாருக்காவது பல் போகும். இல்லையென்றால் எலும்பு முறியும். சொல்கிறவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற நாங்களும் வயிறு வலிக்கச் சிரிப்போம். வெளியாள் யாராவது கூட இருந்தால் அவர் மட்டும் கையில் இருக்கும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார். பாவம், ரசனை இல்லாத ஆள் என்று நினைத்துக்கொள்வேன்.

தாத்தா கட்டிடம் இடிக்கும் மேஸ்திரி. அறுபது வருடம் அதே வேலை. அவருக்குப் பிறகு அப்பா, அப்பாவோடு நான். சம்மட்டி தூக்கும் பெண்ணை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் என் வாயில் வருகிற வசவைக் கேட்டதும் தூரப் போய்விடுவார்கள். ஆட்கள் என்னைக் குட்டி மேஸ்திரி என்பார்கள். முகம் மட்டுமல்ல, கோபமும் தாத்தாவுடையதுதான் என்று அத்தை போகிற இடமெல்லாம் சொல்வாள். அதைக் கேட்டு நான் வெட்கப்பட்டதே இல்லை.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. எந்தச் சுவரானாலும், இடிப்பதற்கு முன் சம்மட்டியின் காம்பால் மூன்று தட்டு தட்ட வேண்டும். பிறகு சுவரில் காதை வைத்துப் பத்து எண்ண வேண்டும். அந்தப் பக்கம் ஆள் இருந்தால் குரல் கொடுப்பான். பத்து எண்ணிய பிறகுதான் முதல் அடி. மற்ற மேஸ்திரிகள் எங்களைக் கிண்டல் செய்வார்கள், சுவரிடம் சம்மதம் கேட்கும் கூட்டம் என்று. தாத்தா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். ஒருமுறை தட்டாமல் அடித்த ஒருவனைப் பின்னங்கழுத்தில் பிடித்து அதே சுவரில் மூன்று முறை முட்டவைத்தார். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. "இப்ப தட்டியாச்சு, எண்ணு" என்றாராம். அவன் ரத்தத்தோடு பத்து வரை எண்ணினான். எங்கள் வீட்டில் இதுதான் அதிகம் சிரிக்கப்பட்ட கதை. ஆனால் அறுபது வருடத்தில் எங்கள் சுவருக்கு அடியில் ஒரு ஆள் செத்ததில்லை. அது எங்கள் பெருமை.

எனக்கென்று சொந்தமாக ஒரு கதை இருந்தது. எனக்கு நாலு வயது. தெருவில் வெறி பிடித்த நாய் ஒன்று என்னைச் சுவரோரம் மடக்கிவிட்டது. தாத்தா வந்தது எனக்குத் தெரியவில்லை. கடப்பாரை இறங்கியதுதான் தெரிந்தது. ஒரே குத்தில் நாய் செத்துவிட்டது. அவர் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. தெருவே வாசலில் நின்று பார்க்க, அது நாய் என்று சொல்ல முடியாத நிலைக்கு வரும்வரை குத்தினார். பிறகு என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். சட்டையெல்லாம் ரத்தம். அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. "என் கண்ணு, என் கண்ணு" என்று காதில் சொல்லிக்கொண்டே வந்தார். உலகத்தில் அந்தத் தோளை விடப் பத்திரமான இடம் எனக்கு வாய்த்ததில்லை. என்மீது அவர் கை பட்டதெல்லாம் தூக்குவதற்கும் தலை தடவுவதற்கும்தான்.

எண்பத்து நாலு வயதில் படுத்தார். கடைசி ஆறு நாளும் கட்டிலை ஒட்டிய சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்று தட்டு. பிறகு காதைச் சுவரில் வைத்துக் கேட்பார். மறுபடி மூன்று தட்டு. முட்டித் தோல் உரிந்து சுண்ணாம்பில் ரத்தக்கறை படிந்தது. நடுநடுவே "சின்னவனே" என்று கூப்பிடுவார். சாகும்போதும் வேலை ஞாபகம், என்ன மனுஷன் பார் என்று எல்லோரும் கண் கலங்கினோம்.

சின்னவன் என்றால் என் சித்தப்பா. வீட்டில் அவருக்குப் பெயர் ஓடுகாலி. பத்தொன்பது வயதில் ஒரு பையோடு கிளம்பிப் போனவர். வேறொரு ஊரில் செயற்கைப் பல் செய்யும் தொழில். அப்பன் தட்டிவிட்ட பல்லையெல்லாம் மகன் கட்டிக்கொடுக்கிறான் என்பாள் அத்தை. அவருடைய வலது கை முழங்கையில் வளைந்தபடியே நின்றுவிட்டது, நீட்ட வராது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தாராம். தாத்தா கூப்பிடுகிறார் என்று சொல்லி அனுப்பினோம், வரவில்லை. எடுக்கும் அன்றும் வரவில்லை. அன்றே மனதுக்குள் அந்த ஆளைத் தலைமுழுகிவிட்டேன்.

அவர் வந்தது ஆறு வாரம் கழித்து, வீட்டை இடிக்கும்போது.

அது தாத்தா தன் கையால் கட்டிய வீடு. ஊரில் இடித்த வீடுகளின் செங்கல்லை எல்லாம் பொறுக்கிக் கொண்டுவந்து கட்டியது. ஒரு சுவரில் பத்து விதச் செங்கல் இருக்கும். அடித்தளம் இறங்கி, ஆள் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. உயிரோடு இருக்கும்வரை தொடவிடவில்லை. "நான் போனப்புறம் இடிங்க. ஆனா வேற எவனும் தொடக்கூடாது" என்று சொல்லிவைத்திருந்தார். சந்து குறுகல், இயந்திரமும் நுழையாது. கூரையையும் முன்பக்கத்தையும் எங்கள் ஆட்களை வைத்தே இறக்கினோம். பின்னறையையும் அதை ஒட்டிய சாமான் அறையையும் குடும்பமே இறக்குவது என்று ஆட்களுக்கு லீவு கொடுத்துவிட்டேன். சாமான் அறை என்றால் மூன்றடி அகலம், ஜன்னல் கிடையாது. பின்வாசல் பக்கம் ஒரு கதவு மட்டும். நான் பார்த்த நாளிலிருந்து அதில் கயிறும் கப்பியும்தான் கிடந்தன.

அன்று காலை அப்பா, அத்தை, நான் மூன்று பேர் இருந்தோம். பத்து மணிக்குச் சித்தப்பா செங்கல் குவியலைத் தாண்டிக்கொண்டு வந்து நின்றார். அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை அழுதாள், உடனே திட்டினாள், பிறகு டீ ஊற்றிக் கொடுத்தாள். நான் கையிலிருந்த உளியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

கூரை இல்லாத அறையில் வெயில் நேராக இறங்கியது. அத்தை, கவிழ்த்துப்போட்ட சாந்துச் சட்டியில் உட்கார்ந்து, தாத்தாவின் கதைகளை ஆரம்பித்தாள். லாரிக்காரன் ஒருவன் வேலைக்கு வந்த பெண்ணைக் கேவலமாகப் பேசினான். தாத்தா விட்ட குத்தில் மூன்று பல் தெறித்தது. ஒன்று தாத்தாவின் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தது. அடுத்தது அத்தையின் கதை. பதினாறு வயதில் தோழி வீட்டிலிருந்து அரை மணி நேரம் தாமதமாக வந்து பயத்தில் அறைக்குள் தாழ்போட்டுக்கொண்டாள். தாத்தா உதைத்த உதையில் தாழ்ப்பாள் பறந்து வந்து தாடையைக் கிழித்தது. ஏழு தையல். "தையல் போடறவரைக்கும் எங்கப்பா என் கையை விடலையே" என்று சொல்லி அந்தத் தழும்பை நகையைக் காட்டுவது போலக் காட்டினாள்.

பிறகு என் கதையும் வந்தது. போன வருடம் தட்டாமல் சுவரில் கைவைத்த ஒருவனை நான் அறைந்தேன். அவன் உதடு கிழிந்துவிட்டது. எங்கள் குடும்பத்துக்குக் கை கொஞ்சம் நீளம். அத்தை அதை நடித்தே காட்டினாள். அப்பா வழக்கம்போலச் சிரித்தார். அப்பாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. சின்ன வயதில் வந்த ஜுரத்தில் போனது. நல்ல காதை அத்தை பக்கம் திருப்பிவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மட்டும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேச்சை விட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். பின்னறைக்கும் சாமான் அறைக்கும் நடுவே இருப்பது ஒற்றைக்கல் சுவர். செங்கல்லை முழுசாக எடுக்க வேண்டும் என்றால் முதலில் பூச்சை உரிக்க வேண்டும். உரித்துக்கொண்டே வந்தேன். என் இடுப்பு உயரத்தில் பூச்சு விடாப்பிடியாக நின்றது. இரண்டு தட்டு பலமாகத் தட்டியதும் பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே ஒரு ஒட்டு. இரண்டடி அகலம், மூன்றடி உயரம். வீடு முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து; இந்த ஒட்டில் மட்டும் சிமெண்ட். சுற்றியிருந்த செங்கல்லின் விளிம்பெல்லாம் உடைந்திருந்தது, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாக. யாரோ இங்கே நின்று சம்மட்டியால் அடித்துத் துளைத்திருக்கிறார்கள். பிறகு அவசர அவசரமாக அடைத்திருக்கிறார்கள். தாத்தா கைவேலை இவ்வளவு கோணலாக இருந்து நான் பார்த்ததில்லை.

இது என்ன என்று கேட்டேன். அப்பா கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே நடந்தார். வீட்டில் குரல் உயரப் போகிறது என்றால் அப்பா எழுந்து போய்விடுவார், அது வழக்கம்தான். அத்தை, ஏதோ எலி வளையை அடைத்தது என்றாள். மூன்றடி எலி.

"உனக்கு யாரும் சொல்லலையா?" என்றார் சித்தப்பா.

எனக்கு அந்தக் குரலே பிடிக்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பெற்றவன் சாகக் கிடக்கும்போது எட்டிப் பார்க்காதவருக்கு இந்த வீட்டுச் சுவரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஆறு நாள் சுவரைத் தட்டித் தட்டி உங்களைத்தான் கூப்பிட்டார்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எத்தனை தட்டு?"

"மூணு."

அவர் வளைந்த முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்கு எட்டு வயசு. என்ன தப்பு பண்ணேன்னுகூட இப்ப ஞாபகம் இல்ல. இழுத்துட்டுப் போய் சாமான் அறையில போட்டுப் பூட்டிட்டார். அது ஒண்ணும் புதுசில்ல, நாங்க மூணு பேருமே அதுல கெடந்திருக்கோம். உள்ள சத்தம் போடக்கூடாது. போட்டா மறுபடி அடி. பூட்டினவர் மறந்துட்டார். சாப்பிட்டார். இந்தச் சுவரை எடுத்து அறையைப் பெருசாக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தார். அன்னிக்குனு பார்த்து சம்மட்டியோட வந்து நின்னார். உங்கப்பா குறுக்க வந்து, அப்பா, தம்பி உள்ள இருக்கான்னார். அதை முழுசா சொல்லக்கூட விடல. வேலை நேரத்துல குறுக்க பேசறியான்னு காதோட சேர்த்து ஒரு அறை. அண்ணன் சுருண்டு விழுந்துட்டார். அப்புறம் சுவர்ல அடி. நான் அந்தப் பக்கம் சுவர்ல சாஞ்சு உக்காந்திருந்தேன்."

அப்பாவின் காது ஜுரத்தில் போகவில்லை. சித்தப்பா எந்த மரத்திலிருந்தும் விழவில்லை. இரண்டும் ஒரே நாள்.

அன்று மாலையே தாத்தா துளையை அடைத்துவிட்டாராம். மறுநாளிலிருந்து எந்தச் சுவரானாலும் மூன்று தட்டு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மரம் என்றும் ஜுரம் என்றும் சொன்னது பதினாலு வயது அப்பாதான்.

"பொய்" என்றேன்.

"நீ மேஸ்திரிதானே. அந்தச் சுவரைப் பார்த்துட்டு நீயே சொல்லு."

அதுதான் என்னைக் கொன்றது. நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்தது, எவ்வளவு வேகத்தில் விழுந்தது, எல்லாம் அந்த விளிம்புகளில் இருந்தது. ரத்தச் சட்டையோடு என்னைத் தோளில் போட்டு நடந்த மனிதரை யாரோ என் கையிலிருந்து பிடுங்குவது போல இருந்தது. எனக்கு இந்தச் சுவர் கண்ணில் படக்கூடாது. இது இருக்கவே கூடாது. சம்மட்டியை எடுத்தேன்.

அத்தை எழுந்துவிட்டாள். "அண்ணன் எங்க?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது; மண்டையில் ஏறவில்லை. சித்தப்பா என் முன்னால் வந்து நின்றார்.

"தட்டு. முதல்ல தட்டிட்டு அடி."

எனக்கே விதி சொல்கிறாரா இந்த ஓடுகாலி. சம்மட்டியின் காம்பை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்து அவர் நெஞ்சில் ஒரு தள்ளு தள்ளினேன். மல்லாக்க விழுந்தார். தலை கல்லில் மோதிய சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒட்டுக்கு மேலே முதல் அடி. சுவர் அதிர்ந்து கண்ணில் மண் விழுந்தது. "நிறுத்துடி" என்று அத்தை கத்தினாள். இரண்டாவது அடியில் செங்கல் உள்வாங்கியது. கெட்டவார்த்தை சொல்லிக்கொண்டே மூன்றாவதை இறக்கினேன். அந்தக் கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க முடியாது. ஒட்டும் அதற்கு மேலிருந்த ஆறு வரிசையும் மொத்தமாக அந்தப் பக்கம் சரிந்தன.

புழுதி அடங்குவதற்குள் உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது.

சித்தப்பாதான் முதலில் பாய்ந்தார், பின்தலையில் ரத்தம் வழிய, வளைந்த கையையும் வைத்துக்கொண்டு. நான் சம்மட்டியைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் விழுந்தேன். இருவரும் செங்கல்லை வாரி வாரி எறிந்தோம். நகம் பிய்ந்தது தெரியவில்லை. முதலில் ஒரு செருப்பு, பிறகு முட்டி, பிறகு அப்பா. சண்டைக்குப் பயந்து பின்வாசல் வழியாக வந்து சாமான் அறையில் உட்கார்ந்திருக்கிறார், சுவரில் சாய்ந்து. நெற்றி கிழிந்து ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வெள்ளையாக ஒன்று தோலுக்கு வெளியே தெரிந்தது. நான் பத்து வருடமாகக் கட்டிடம் இடிக்கிறேன்; அதைப் பார்த்ததும் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

"முதல் அடியிலயே குரல் கொடுத்திருக்கலாமே. ஏண்ணா சத்தம் போடல?" என்று சித்தப்பா அழுதார்.

"பழக்கம்டா" என்றார் அப்பா.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அப்பா தலை என் மடியில் இருந்தது. ரத்தம் என் சட்டையில் ஊறிக்கொண்டே இருந்தது.  நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் நல்ல கையால் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அந்த ஆறுதலைத் தாங்க முடியவில்லை.

உயிருக்குப் பயமில்லை, கையில் ஆபரேஷன் வேண்டும், விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். நெற்றியில் பதினோரு தையல். சித்தப்பாவுக்கு நாலு. அவர் தலைக்கட்டோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.  நான் எதிரே நின்றேன், உட்காரத் தோன்றவில்லை.

கொஞ்ச தூரத்தில் அத்தை, தட்டில் பஞ்சும் கத்தரியும் வைத்திருந்த நர்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே பேசினாள். பேசப் பேச அவள் குரல் மாறியது. அந்த மாற்றம் எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து கேட்டது.

"மூணே அடி. சுவரே இல்ல. எங்கப்பா கையிருக்கே, அது அப்படியே அவளுக்கு வந்திருக்கு" என்றாள் அத்தை. அழுகைக்கு நடுவே சிரித்தும்விட்டாள்.

நர்ஸ் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் இரண்டு மாதத்தில் இது எப்படி ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தை சட்டியில் உட்கார்ந்து நடித்துக் காட்டுவாள். அப்பா நல்ல காதைத் திருப்பிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். நாற்பது வருடம் கழித்து நான் படுக்கையில் கிடந்து சுவரைத் தட்டுவேன். வேலை ஞாபகம், என்ன மனுஷி பார் என்பார்கள்.

அறைக்குள் டாக்டர் அப்பாவிடம் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார். எப்படி அடிபட்டது என்று கேட்டார்.

"பழைய சுவர் டாக்டர். தானா சரிஞ்சிடுச்சு" என்றார் அப்பா. தயங்கவே இல்லை. பதினாலு வயதிலிருந்து சொல்லிப் பழகிய வாய்.

நான் உள்ளே போனேன்.

"தானா சரியல டாக்டர். நான்தான் சம்மட்டியால அடிச்சேன். உள்ள ஆள் இருக்கான்னு தட்டிப் பாக்கல. தட்டச் சொன்னவரையும் அடிச்சுத் தள்ளிட்டேன். வெளிய தலைக்கட்டோட உக்காந்திருக்காரே, அவர்தான்."

டாக்டர் என் சட்டையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார். போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அப்பா முகத்தைத் திருப்பி, கேட்காத காதை என் பக்கம் வைத்துக்கொண்டார்.

நான் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். கேட்கிற காதருகே குனிந்தேன்.

"நான்தான்பா அடிச்சேன். கோவத்துல அடிச்சேன். தப்பு என்னோடது."

அப்பா என் முகத்தையே பார்த்தார். மூடியிருந்த கண்ணின் ஓரத்திலும் நீர் இறங்கியது.

"எங்கப்பா இதை ஒரு தடவகூடச் சொல்லலம்மா" என்றார். பிறகு அறுபது வயது மனிதர் வாய்விட்டு, வராந்தா வரை கேட்கும்படி அழுதார்.

சித்தப்பா வந்து வாசலில் நின்றார்.